பகலில் கோர், பாப்பா

அன்பு பாப்பாவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குக் குளிரில் மூட்டுவலிதான். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். பெரியம்மா மகன் ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். உன்னைப் பற்றி என்னென்னவோ சொன்னான். அதெல்லாம் இருக்கட்டும். ராவெல்லாம் உன் அறையில் லைட் எரிகிறதாமே, ராவிலா மணி கோக்கிறாய்?

கண் பாப்பா, கண். பதினைந்தாம் நம்பர் மணி பதினொன்றைவிடப் பொடிசு என்று உள்ளங்கையில் கொட்டிக் காட்டினாயே, எனக்குக் கேழ்வரகு சிந்தின மாதிரிதான் தெரிந்தது. அந்த ஓட்டைக்குள் இரண்டு தரம், மூன்று தரம் ஊசி போய்வர வேண்டுமென்றால் பகல் வெளிச்சம் வேண்டாமா? ஜன்னலோரம் உட்கார். வெள்ளைத் துணி விரித்துக்கொள்.

நீ மணியில் செய்து அனுப்பிய கொழுந்துக்காரி பொம்மை சாமிப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாள். தோட்டத்து லயத்து வீடுகளில் வந்து பார்க்காத ஆள் இல்லை. கங்காணி பெண்சாதி விரலால் தடவிப் பார்த்து, "இவ்வளவும் ஒவ்வொன்றாகவா கோர்த்தாள்?" என்று கேட்டாள். இடுப்பில் படங்குத் துணி கட்டியிருக்கிற கட்டு அசல் உன் அம்மாயிதான். ஆனால் கூடைக்கயிறை நெற்றியில் இறக்கிவிட்டாய். அது உச்சந்தலையில், மடித்த துணிமேல் இருக்க வேண்டும். கூடையில் போட்ட பச்சையும் முற்றல் இலைப் பச்சை. கொழுந்து கொஞ்சம் மஞ்சள் ஓடித்தானே இருக்கும்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அடுத்து என்ன பொம்மை செய்வது என்று தெரியவில்லை என்றாயாம். மாசி பிறந்து காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியாகிவிட்டது. இந்த வருஷம் ரதி வேஷம் மாமா மகனுக்கு. மீசையை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் எடுத்தான். அவன் கிரீடத்தையும் மார்புச் சட்டையையும் கிட்ட வைத்து போட்டோ எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஜிகினா, கண்ணாடித் துண்டு, பாசிமணி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. மன்மதன் எரிந்த பிறகு ரதி அழுகிற முகத்தைச் செய்து பாரேன். அப்புறம் நம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருஷம் ஆனதை நினைத்து 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அதில் சித்தி எடுத்த படங்களும் இருக்கின்றன. தலையில் மூட்டையோடு நடந்துவந்த பூட்டியைச் செய்தாலும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பகலில் செய்.

தேசிய அருங்கலைகள் பேரவை சில்ப அபிமானி என்று ஒரு போட்டி வைக்கிறது, கேள்விப்பட்டிருப்பாய். முதலில் மாகாணம், அதில் வென்றால் ஜனாதிபதி விருது வரை போகலாம். பேரவையில் பதிந்துகொள். அரசாங்கக் கைவினைக் கடை லக்சலவில் எடுப்பார்களா என்றும் கேள். வெட்கப்படாதே. பொம்மையைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் யார் வாங்குவார்கள்? நீ சின்னதிலிருந்தே இப்படித்தான், நல்லதைச் செய்துவிட்டு ஒளித்து வைப்பாய்.

இந்த மாதமும் காசு வந்தது. இனி இவ்வளவு அனுப்பாதே, எங்களுக்குப் போதும். மணி வாங்க வைத்துக்கொள். மலிவுச் சரக்கு மட்டும் வேண்டாம். புறக்கோட்டையில் வாங்கின அந்தச் சிவப்பு, கை வியர்வையில் கரைந்து நூலெல்லாம் ரோஸ் ஆனதை மறந்துவிட்டாயா? என் கூறைப்புடவை ஓரம் இற்றுப்போய்விட்டது, ஜரிகையை வெட்டி இதோடு அனுப்புகிறேன். ரதிக்கு ஆகும். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

கண் டாக்டரிடம் ஒரு தரம் காட்டு.

காமன் எரிப்பதற்குள் வா. கடையில் லீவு கேட்டுக்கொண்டு வா. கேட்க வேண்டியதில்லை என்றால் இன்னும் ஒரு வாரம் கூடவே இருந்துவிட்டுப் போ.

அம்மா