அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. பள்ளி திறந்த முதல் வாரத்தில் விடைத்தாள்களைத் தந்துவிடுவோம். குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் பிள்ளைகள் ஆர்வத்தோடு கலந்துகொண்டு பரிசுகளும் பெற்றார்கள். பசுமைப் படை மாணவர்கள் நட்ட கன்றுகள் வேர்பிடித்துவிட்டன. பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளின் திருப்புதல் தேர்வு அட்டவணை தனியே வரும். அனைவருக்கும் பாராட்டுகள்.

இந்த முறை கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது பள்ளி நூலகத்தைப் பற்றி.

விடுமுறை நாட்களில் சமூக அறிவியல் செயல்திட்டம் செய்வதற்காக வரலாறு, சமூகம், கல்வி, சுற்றுச்சூழல் குறித்த ஆய்வு நூல்களை உயர்வகுப்பு மாணவர்களிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறோம். இப்படிப்பட்ட நூல்கள் குறைந்த படிகளே அச்சாகும். விற்றுத் தீர்ந்தபின் மறுபதிப்பு வராமலே போவதும் உண்டு. காலாண்டு விடுமுறைக்குப் பிறகு வந்த நூல்களைச் சரிபார்த்தபோது சிலவற்றில் வரைபடங்களும் படங்களும் புள்ளிவிவர அட்டவணைகளும் கத்தரிக்கப்பட்டிருந்தன. கத்தரித்தவை சார்ட்டில் ஒட்டப்பட்டு மதிப்பெண்ணுக்கு வந்திருந்தன. சில நூல்கள் இன்னும் திரும்பவில்லை.

பிள்ளைகள் கெடுக்க வேண்டும் என்று நினைத்து இதைச் செய்யவில்லை என்பது தெரியும். மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டும், ஜெராக்ஸ் கடை மூடிவிட்டது, கையில் புத்தகம் இருக்கிறது. அந்த அவசரத்தில் நடப்பதுதான். ஆனால் ஒரு தாளை வெட்டினால் அந்த ஒரு தாளோடு போவதில்லை.

தைத்துக் கட்டிய நூலில் பெரும்பாலும் 16 பக்கங்கள் ஒரு பாரமாக மடிக்கப்பட்டு, மடிப்பின் நடுவே நூல் ஓடும். அந்தப் பாரத்தின் இரண்டாம் தாளும் ஏழாம் தாளும் ஒரே காகிதத்தின் இரு பாதிகள். ஒன்றை முதுகோரம் வெட்டினால் மற்றதற்குப் பிடிப்பு போய்விடும். இரண்டு மூன்று பேர் புரட்டியதும் அதுவும் கழன்று விழும். பிறகு தையல் தளர்ந்து பாரமே வெளியே வரும். பசை மட்டும் போட்டு ஒட்டிய நூல் என்றால் முதுகில் விரிசல் விட்டு, பக்கத்துத் தாள்கள் ஒவ்வொன்றாக உதிரும். முன்பக்கத்துப் படத்துக்காக வெட்டும்போது பின்பக்கத்துப் பத்திகளும் சேர்ந்தே போகின்றன. நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் பார்த்து அந்தப் பக்கத்தைத் தேடி வரும் அடுத்த மாணவருக்கு அங்கே ஒன்றும் இருக்காது.

வெட்டி எடுத்த துண்டாலும் பயன் குறைவு. ஓர் உதாரணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் என்ன? ஒரு சார்ட்டில் 80.33 என்றும் இன்னொன்றில் 80.09 என்றும் இருக்கும். இரண்டும் அச்சில் வந்த எண்கள்தான். முதலாவது, கணக்கெடுப்பு முடிந்ததும் வெளியிட்ட தற்காலிக எண். இரண்டாவது இறுதி எண். இரண்டுமே ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டவை. நல்ல ஆய்வு நூலில் இதெல்லாம் அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். கத்தரிக்கோல் முதலில் விட்டுவிடுவது அந்தச் சின்ன எழுத்தைத்தான்.

குடவோலைமுறை பற்றிய செயல்திட்டங்களிலும் இதே குறை. குடமும் ஓலையும் அழகாக வரைந்து, 'சோழர் காலத்தில் மக்கள் அனைவரும் வாக்களித்தார்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 921இல் வெட்டிய கல்வெட்டு சொல்வது வேறு. அது பிராமணர்களுக்குக் கொடையாக அளித்த ஊரின் சபைக்கான விதி. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேலும் 70க்கு உட்பட்டும் இருக்க வேண்டும், வேதக் கல்வி வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. குடும்பு எனப்பட்ட ஊர்ப் பிரிவுகள் 30இலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அப்படித் தேர்ந்தவர்களில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். நீர்நிலையைப் பார்த்துக்கொள்ள ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தனிக் குழு இருந்ததையும், அதில் இடம்பெற யாருக்கு வாய்ப்பே இல்லை என்பதையும் ஒரு பிள்ளை சேர்த்துப் படித்தால்தான் அது வரலாறு. இதற்கு அந்த அத்தியாயத்தை அடிக்குறிப்போடு முழுதாகப் படிக்க வேண்டும். படத்தை மட்டும் எடுத்தால் நடக்காது.

எனவே வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை. முதலில் பொருளடக்கம், பிறகு கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவு. இந்த இரண்டையும் பார்த்துத் தேவையான இருபது, முப்பது பக்கங்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நூல் முழுவதையும் படித்தாக வேண்டும் என்ற மிரட்சியிலேயே பல பிள்ளைகள் திறக்காமல் வைத்துவிடுகிறார்கள். குறிப்பைத் தனி நோட்டில் எடுக்கட்டும். ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் எழுத வேண்டும். ஆண்டைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பார்க்கலாம்; மறுபதிப்பு என்றால் முதற்பதிப்பு ஆண்டும் அங்கேயே இருக்கும். இந்தப் பட்டியலுக்குத் தனி மதிப்பெண் உண்டு. கோந்து ஒட்டி நிரப்பிய பக்கங்களுக்கு அது கிடையாது.

படம் வேண்டுமென்றால் செல்போனில் எடுங்கள். பகலில், சன்னல் ஓரம், நேர் மேலிருந்து, பக்க எண்ணும் விழும்படி. ஃபிளாஷ் வேண்டாம், வழவழப்பான தாளில் வெள்ளைப் பட்டை விழுந்து எழுத்து மறையும். வரைபடத்தைப் படியெடுக்கப் பட்டர் பேப்பர் போதும். அதற்கு அடியில் தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்துக்கொண்டு மென்மையான பென்சிலால் வரைந்தால் நூலில் தடம் பதியாது. ஜெராக்ஸ் எடுக்கும்போது கடைக்காரர் நூலை மல்லாத்தி அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பசைக்கட்டு நூல்களின் முதுகு உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

தாள் கிழிந்துவிட்டால் செலோடேப் ஒட்டவே வேண்டாம். அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கி, எதிர்ப்பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். பிறகு உரித்தால் எழுத்தோடு வரும். கிழிந்த துண்டை அப்படியே உள்ளே வைத்து அனுப்புங்கள். நூலகர் மெல்லிய தாளும் மாவுப் பசையும் கொண்டு ஒட்டுவார். நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், தாள் நெளிந்து அட்டை வளையும். சில பக்கங்களுக்கு ஒன்றாக அச்சிடாத வெள்ளைத் தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, செருகிய தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு நாள் ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். இன்னொன்று: அக்கறையோடு பழுப்பு அட்டை போட்டு அனுப்பும் பெற்றோருக்கு நன்றி. ஆனால் முதுகில் உள்ள எண் சீட்டு மறைந்துவிடுகிறது. 370 கல்விக்கும் 954 இந்திய வரலாற்றுக்கும் உரிய எண். அது தெரியாவிட்டால் நூல் தவறான அடுக்கில் போய்த் தொலைகிறது. தெளிவான பிளாஸ்டிக் உறை போடுங்கள்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நூலிலிருந்து வெட்டிய தாள் ஒட்டியிருக்கும் செயல்திட்டத்தை இனி ஏற்கமாட்டோம். அதைத் திரும்பச் செய்து தர வேண்டும். சிதைந்த நூலுக்கு அதே நூலை வாங்கித் தர வேண்டும். கடைகளில் கிடைக்காத நூல் என்றால் குறையும் பக்கங்களை வேறொரு நூலகப் படியிலிருந்து நகலெடுத்து, பைண்டரிடம் சேர்த்துத் தைத்துத் தர வேண்டும். முன்பு எடுத்த நூல் வராதவரை புதிய நூல் வழங்கமாட்டோம். யார் பிள்ளை என்று பார்த்து இதில் விலக்கு இருக்காது.

ஏற்கெனவே வெட்டிய தாள்கள் வீட்டில் எங்காவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள். நூலக வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். பெயர் எழுதாமல் அதில் போடலாம், யாரும் கேட்கமாட்டோம். தாள் கிடைத்தால் பெரும்பாலான நூல்களைச் சரிசெய்துவிட முடியும். தாமதமாக வரும் நூலுக்கும் பொங்கல் வரை அபராதம் இல்லை.

நம் நூலகத்தில் இல்லாத பழைய நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னைக்குப் போகும் வாய்ப்பிருந்தால் கன்னிமாரா நூலகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் அங்கே வந்து சேருகின்றன. மாவட்ட மைய நூலகத்தில் குறிப்புதவிப் பிரிவு உண்டு. அங்கேயே உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டைகூட வேண்டாம்.

வேலை முடிந்து களைத்து வந்த பிறகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து செயல்திட்டத்துக்கு உதவும் பெற்றோர் நம் பள்ளியில் அதிகம். தங்களுக்குப் படிக்கக் கிடைக்காத நூல்களைப் பிள்ளைகள் கையில் பார்த்து மகிழ்பவர்களும் உங்களில் பலர். கடந்த ஆண்டு நூலகத்துக்கு நூல்கள் வாங்கித் தந்தவர்களும், அலமாரிக் கதவுகளைப் பழுதுபார்த்துத் தந்தவர்களும் நீங்கள்தான். மனமார்ந்த நன்றி.

விடுமுறையிலும் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் காலை 10 முதல் 1 மணி வரை நூலகம் திறந்திருக்கும். நூல்களை அப்போதும் திருப்பித் தரலாம். பெற்றோரும் வந்து படிக்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்