லெ மான் இரவுக்குக் கேமராவோடு போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். சென்னை வெயில் மட்டும் இன்னும் இறங்கியபாடில்லை. பாரிஸிலிருந்து லெ மானுக்கு, பிரான்ஸின் அந்த 24 மணி நேரக் கார் பந்தயத்துக்கு, டிக்கெட் போட்டுவிட்டாய் என்று படித்ததும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. அஜித் துபாயில் 24 மணி நேரப் பந்தயத்தில் இறங்கிய பிறகு இந்த வகைப் பந்தயம் என்றாலே இங்கே ஒரு தனி ஆர்வம். 2012-லேயே நம்ம ஊர் கருண் சந்தோக் லெ மானில் ஓட்டி, அவருடைய ஜே.ஆர்.எம். அணி ஆறாவதாக வந்தது. அன்று எத்தனை பேர் அதைக் கவனித்தோம், சொல்!

"ராத்திரிக்கு எவ்வளவு ஐஎஸ்ஓ வைக்கலாம்?" என்று கேட்டிருக்கிறாய். ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், கடைசியில் வரட்டும். நிற்கப்போகும் இடம் எது, அங்கே வெளிச்சம் எதிலிருந்து வருகிறது என்பதை முதலில் பார். சிங்கப்பூரில் 2008 முதல் நடக்கும் இரவுப் பந்தயத்திலும், 2024-ல் நம்ம தீவுத்திடலைச் சுற்றி நடந்ததிலும் தடம் முழுக்க விளக்கு போட்டிருப்பார்கள். அங்கே இரவு என்பது கொஞ்சம் மங்கலான பகல், அவ்வளவுதான். லெ மான் அப்படியில்லை. 13.626 கிலோமீட்டர் சுற்றில் பெரும்பகுதி, மரங்களுக்கு நடுவே போகும் சாதாரண சாலை. டயர், எரிபொருளுக்குக் கார்கள் நிற்கும் பிட் பக்கமும் பார்வையாளர் கூடும் சில இடங்களும் தவிர மற்றதெல்லாம் இருட்டு. அங்கே காரின் ஹெட்லைட்டும், டெயில் லைட்டும், சூட்டில் பழுத்து ஒளிரும் பிரேக் டிஸ்க்கும்தான் உனக்கு விளக்கு.

நேரத்தை முதலில் பிரித்துக்கொள். பந்தயம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொடங்கும். ஜூன் நடுவில் அங்கே சூரியன் மறையப் பத்து மணி ஆகிவிடும். ஒன்பதே முக்காலிலிருந்து பத்தே முக்கால் வரை உள்ள ஒரு மணி நேரத்தைச் சாப்பாட்டுக்கு விட்டுவிடாதே. வானம் நீலமாக இருக்கும், ஹெட்லைட் எரியும், காரின் உருவமும் தெரியும். இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது அப்போதும் விடியற்காலையிலும்தான். வெளிச்சம் வேகமாகச் சரியும். தொடக்கத்தில் ஐஎஸ்ஓ 400-ல் எடுப்பாய், பத்தரைக்கெல்லாம் கேமரா 6400 கேட்கும். அந்தச் சமயத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்.

இருட்டிய பிறகு கேமராவின் ஒளி மீட்டரை நம்பாதே. ஹெட்லைட் நேரே வந்தால் "அப்பா, எவ்வளவு வெளிச்சம்" என்று கேமரா எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும், கார் கரிக்கட்டையாக விழும். கார் திரும்பிய மறுகணம் ஒரேயடியாக ஏற்றும். ஆட்டோ ஐஎஸ்ஓவையும் அணைத்துவிட்டு முழு மேனுவலில் வை. ஒயிட் பேலன்ஸையும் 4000 கெல்வின் பக்கம் நிறுத்தி, கேமரா எதையும் மாற்றாத ரா (RAW) கோப்பாக எடு. ஆட்டோவில் விட்டால் ஒரே தொடரில் பத்துப் படம் பத்து நிறத்தில் வரும்.

ஷட்டருக்கு ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 180 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 50 மீட்டர். 1/60 வினாடியில் கார் 83 சென்டிமீட்டர் நகரும், 1/500-ல் 10 சென்டிமீட்டர். பேனிங்கில், அதாவது காரோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பி எடுக்கும்போது, பின்னணி எவ்வளவு இழுபடும் என்பதை இந்தத் தூரம்தான் தீர்மானிக்கிறது. அதே இழுபடல் 90 கிலோமீட்டரில் போகும் காருக்கு வேண்டுமென்றால் 1/30-க்கு இறங்க வேண்டும். மெதுவான வளைவில் 1/125 வைத்துவிட்டு "கார் நின்றுகொண்டிருக்கிற மாதிரி இருக்கிறதே" என்று புலம்புவது இதனால்தான். 1/30-ல் இருபதுக்கு ஒன்று தேறினால் சந்தோஷப்படு. கார் உன் எதிரே வரும்போது உடம்பு நேராக இருக்கும்படி காலை ஊன்றி, இடுப்பிலிருந்து திரும்பு. பட்டனை அமுக்கியதும் திரும்புவதை நிறுத்தாதே. லென்ஸில் கை நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் இருந்தால் பேனிங்குக்கான மோடில் போடு, இல்லையென்றால் அது உன் கையோடு சண்டை போடும்.

காட்சியைச் சின்னத் திரையில் காட்டும் மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பதால் இன்னொன்று. இருட்டில் வியூஃபைண்டரின் வேகம் குறைந்து காட்சி சற்றுத் தாமதமாக வரும். நீ பார்க்கும் இடத்தில் கார் இருக்காது. மெனுவில் எக்ஸ்போஷர் பிரிவியூவை அணைத்து, வியூஃபைண்டரை அதிக ஃபிரேம் வேகத்துக்கு மாற்று. எலெக்ட்ரானிக் ஷட்டரும் வேண்டாம், எல்.இ.டி. பலகைகள் முன்னால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். காரின் பக்கவாட்டில் எண் காட்டும் எல்.இ.டி.யும் கண்ணுக்குத் தெரியாமல் மின்னுவதுதான். 1/1000-ல் எண் பாதி அழிந்து வரும், 1/250-ஐவிட மெதுவாக வைத்தால் பெரும்பாலும் முழுதாக வரும்.

ஃபோகஸ் இருட்டில் தவறுவது பெரும்பாலும் ஹெட்லைட்டால்தான். வாகனத்தைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் அந்த ஒளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அலையும். ஒற்றைப் புள்ளியை வைத்துக் காரின் கதவு, எண் பலகை போல விளிம்பு தெளிவாக உள்ள இடத்தைப் பிடி. நேரே வரும் காருக்கு, தடத்தின் ஓரக் கெர்பில் (வரம்புக் கல்லில்) முன்கூட்டியே ஃபோகஸ் செய்து பூட்டிவிட்டு, கார் அங்கே வரும்போது எடு. எஃப் 2.8-ல், அதாவது லென்ஸின் துளை அகலத் திறந்திருக்கும்போது, 300 மி.மீ. லென்ஸுக்கு ஃபோகஸ் ஆழம் குறைவு, எனவே கெர்பைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்பே தொடரை ஆரம்பித்துவிடு. லென்ஸ் முன்னால் யு.வி. ஃபில்டர் இருந்தால் கழற்றி வை. ஹெட்லைட் அதில் எதிரொளித்து, தலைகீழாகப் பச்சைப் புள்ளிகள் விழும். அதை எடிட்டில் துடைப்பது பெரிய தலைவலி.

இனி ஆர்னாஜ் வளைவு. ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் அங்கே போ. இண்டியானாபோலிஸ் வளைவுக்குப் பலமாகப் பிரேக் பிடித்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் ஆர்னாஜுக்கு மறுபடி பிடிப்பார்கள். சுற்றிலேயே மிக மெதுவான வளைவு அதுதான். சாலைக் கார்களை ஒட்டிய ஜி.டி. கார்களில் இரும்பு டிஸ்க், முதல்நிலை வகையான ஹைப்பர்காரில் கார்பன். கார்பன் சட்டென்று பழுத்துச் சட்டென்று அடங்கும், இரும்பு சற்று நின்று ஒளிரும். ஆகவே முதலில் ஜி.டி.யில் கைப்பழக்கம் செய்துகொள். பிரேக் பிடித்து ஸ்டீயரிங் திருப்பும் அந்தக் கணத்தில்தான் ஒளி உச்சம், வளைவு நடுவில் தேடினால் இருக்காது. சக்கரம் பக்கவாட்டில் தெரியும்படி நில். 1/125, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 6400-ல் ஆரம்பித்துப் பார். டிஸ்க் வெள்ளையாக எரிந்தால் ஐஎஸ்ஓவைப் பாதியாக்கு. ஆரஞ்சு நிறம் போய்விட்டால் அந்தப் படம் எடுத்ததற்கே அர்த்தமில்லை. ஷட்டர் மெதுவாக இருந்தால் சக்கரத்தின் ஸ்போக்குகள் கரைந்து டிஸ்க் முழு வளையமாகத் தெரியும், 1/1000-ல் ஸ்போக் குறுக்கே விழுந்து துண்டு துண்டாகிவிடும். இங்கே மெதுவான ஷட்டருக்கு இரட்டை லாபம்.

கார் விளக்குகள் இழுக்கும் ஒளிக்கோடுகளுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: முக்காலி, ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 20 வினாடி. நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடு, அது ஒவ்வொரு படத்துக்கும் அதே நேரத்தை இன்னொரு முறை விழுங்கும். பத்துப் படத்துக்கு மேல் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும், அதில் இரவைச் செலவழிக்காதே. ஃபிளாஷைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். அந்தத் தூரத்துக்கு அது எட்டாது, ஓட்டுபவர் கண்ணில் அடித்தால் ஆபத்து.

நாய்ஸை, அதாவது இருட்டுப் படத்தில் விழும் புள்ளிகளைப் பற்றி ரொம்பக் கவலைப்படுகிறாய். ஐஎஸ்ஓ 3200-ல் இருட்டாக எடுத்துக் கணினியில் இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு) வெளிச்சம் தூக்குவதைவிட, பல கேமராக்களில் 12,800-ல் சரியாக எடுத்தது சுத்தமாகவோ குறைந்தபட்சம் அதே அளவிலோ இருக்கும். நிழலைத் தூக்காதே, பின்னணி கறுப்பாகவே இருக்கட்டும். இப்போதைய ஏ.ஐ. டீநாய்ஸ் நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் முழு அளவில் போட்டால் ஸ்டிக்கர் எழுத்துகள் பிளாஸ்டிக் மாதிரி ஆகி, இல்லாத எழுத்தையும் தானே எழுதிவிடும். பாதியில் நிறுத்து.

இரவில் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும், லென்ஸில் பனி படியும். லென்ஸைச் சுற்றி ஒரு கைச்சூட்டுப் பொட்டலத்தை ரப்பர் பேண்டால் கட்டிவை. பேட்டரி குறைந்தது மூன்று வேண்டும், ஒன்றை உள் பாக்கெட்டில் வைத்துக்கொள். காதடைப்பான், சிவப்பு ஒளி டார்ச். ஆர்னாஜ் பக்கம் போக அமைப்பாளர்களின் பஸ் இருக்கும், இரவு கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கேட்டுவிடு. தூங்குவதானால் ஒன்றிலிருந்து நான்கரை வரை தூங்கு. ஐந்து மணிக்கு, ராத்திரி முழுக்க ஓடிப் பூச்சியும் எண்ணெயும் அப்பிய முகப்போடு கார்கள் வரும்போது நீ தடத்தோரம் இருக்க வேண்டும்.

வந்ததும் ஆர்னாஜ் படங்களில் இரண்டு மூன்றை ராவாகவே அனுப்பு. எடிட் செய்து அனுப்பினால் உன் எக்ஸ்போஷரைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது. கங்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்