கீரிமலை ஊற்றைக் காப்பாற்றித் தரக் கோரும் மனு

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், யாழ்ப்பாணம்.

மதிப்புக்குரிய ஐயா, வணக்கம்.

கீரிமலைக் கேணியில் நீந்தப் பழகிய ஆட்கள் நாங்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் அடிக்கும், இந்தப் பக்கம் நிலத்துக்கு அடியிலிருந்து நல்ல தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், கல் வெடிப்புக்கு முன்னால் காலை நீட்டினால் குளிராக ஒரு தள்ளு தெரியும். அதை யார் முதலில் கண்டுபிடிப்பது என்பதுதான் அப்போது எங்கள் விளையாட்டு. பிறகு 1990 இல் இடம்பெயர்ந்து, இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே நின்று வருடக்கணக்காக இந்தக் கேணியைக் கண்ணால் காணாமல் இருந்தோம். சரி, அது பழைய கதை. இந்த ஆவணியில் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். வெடிப்பு இருந்தது, தள்ளு இல்லை. வாயில் பட்ட தண்ணீரைத் துப்பிவிட்டு, "அப்பா, இது கடல்தானே?" என்றான்.

மழை பொய்த்ததால்தான் என்கிறார்கள். பாதி உண்மை. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது, மிச்ச மாதங்களுக்கு எல்லாருக்கும் அதுதான். அது கடலுக்கு வழிகிற வாய்களில் ஒன்று கீரிமலை. மேலே அளவுக்கு மிஞ்சி உறிஞ்சினால் இங்கே வரத்துக் குறையும், அப்புறம் அடியில் கிடக்கிற உப்பு ஏறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்ததுதான்.

துலா மிதித்த காலத்தில் ஆளின் கால் ஓய்ந்தால் கிணறும் ஓயும். இப்போது மோட்டரைப் போட்டுவிட்டு ஆள் கடைக்குப் போய்விடுகிறார். தோட்டக்காரர் மேல் பழி போட வரவில்லை, எங்கள் வீட்டிலும் வெங்காயம்தான். ஆனால் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த காணியில் விடிய நாலு மணிக்கே குழாய்க்கிணற்றில் தண்ணீர் வண்டி, அதுதான் பவுசர், நிரம்புகிறது, பங்குனியிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை. எவ்வளவு போகிறது, யார் அனுமதித்தது? கேட்ட இடமெல்லாம் அடுத்த கந்தோரைக் காட்டுகிறார்கள்.

மாவிட்டபுரம், தெல்லிப்பழைப் பக்கக் குழாய்க்கிணறுகளைக் கிராம அலுவலர்கள் மூலம் எண்ணிப் பதியுங்கள். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை விற்பனைக்குப் பவுசர் நிரப்புவதை நிறுத்துங்கள். புதிதாகத் தோண்டுவதற்கு முன் நீர்வளச் சபை வந்து பார்க்கட்டும். கேணித் தண்ணீரின் உப்பைக் கிழமைக்கு ஒருதரம் அளந்து வாசலில் ஒரு பலகையில் எழுதினால் ஊரே கவனிக்கும். கடல் தண்ணீரைக் குடிநீராக்கத் தாளையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவில் நிலையம் கட்டி 2024 இல் திறந்தோம். கையில் இருக்கிற நல்ல தண்ணீரை உப்பாக விட்டுவிட்டு இன்னும் எத்தனை நிலையம் கட்டுவது?

ஆடி அமாவாசைச் சனத்துக்குள் இதெல்லாம் தெரியாது. ஒரு சாதாரண நாளில், கடல் வற்றியிருக்கிற காலை நேரத்தில் வாருங்கள். வெடிப்பு எங்கே என்று மகன் காட்டுவான்.

இப்படிக்கு,
கீரிமலை ஊரவர்கள்