உறைமேல் இரண்டு கோடுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பொது சுகாதாரத் துறை அலுவலர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் காவேரிப்பட்டணம் பகுதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். வெளிநாடு புறப்படும் நோயாளிகளுக்கு அவர்கள் சாப்பிடும் மருந்தின் விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கெனவே இருமுறை மனுவாகக் கொடுத்திருக்கிறேன். ஒப்புகைச் சீட்டுகள் இரண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, பதில்தான் இல்லை. ஆகவே ஊரறிய எழுதுகிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் என்பதைத் தங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்தத் திட்டத்தால் பயன்பெற்றவர்களில் என் மனைவியின் தம்பியும் ஒருவர். கம்பி கட்டும் தொழிலாளி, வயது நாற்பத்தாறு, ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை. வாசலுக்கே வந்து மாத்திரை கொடுத்த அந்தச் சுகாதாரப் பணியாளர் தங்கையை அவர் குறை சொன்னதே இல்லை, நானும் சொல்ல மாட்டேன்.

சென்ற ஆண்டு துபாய்க்கு வேலைக்குப் புறப்பட்டபோது இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்து வாங்கிக்கொண்டார். சர்க்கரை மாத்திரைகளான மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் தனித்தனிக் காகித உறைகளில் இருந்தன. உறைமேல் பேனாவால் காலைக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு. எண்ணிக்கைக்காகக் கத்தரியால் வெட்டப்பட்ட அட்டைத் துண்டுகளில் மருந்தின் பெயர் பாதியும், ‘விற்பனைக்கு அல்ல’ என்ற வாசகம் பாதியுமாக இருந்தன. மருத்துவர் எழுதிய சீட்டு என்று தனியாக ஒன்றுமில்லை. அந்தக் கோடுகளின் பொருள் எங்கள் வட்டாரத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும். துபாய் சுங்க அதிகாரிக்குத் தெரியாது. தெரிய வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. டிரமடால், பிரிகாபலின் போன்ற வலி மருந்துகளை முன் அனுமதியின்றிக் கொண்டுவந்தால் சிறைவரை போகக்கூடிய நாட்டில், பெயர் தெரியாத வெள்ளை மாத்திரைகளை அவர் எப்படி விடுவார்? உறைகளை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை மட்டும் அனுப்பினார்கள்.

“மாமா, மாத்திரையெல்லாம் எடுத்துக்கிட்டாங்க, ஆனா வேலைக்கு ஒண்ணும் பயமில்ல” என்று அன்றிரவு என்னிடம் பேசினார். அவருடைய பயம் முழுவதும் வேலையைப் பற்றியதாகவே இருந்தது. நிறுவனத்தின் காப்பீட்டு அட்டை கைக்கு வரவே ஏழு வாரமாயிற்று. வந்த பிறகும், முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். கைக்காசு கொடுத்துப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை, முகவருக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடனின் வட்டி இங்கே ஓடிக்கொண்டிருந்தது. பாதுகாப்புக் காலணிக்குள் வலது கால் சுண்டுவிரலில் உரசிய கொப்புளம் புண்ணாகி, புண் கறுத்து, நான்காம் மாதம் அவர் ஊர் திரும்பினார். அரசு மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். சிகிச்சை நன்றாகவே செய்தார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. அந்த விரல்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு தாளைத்தான் புறப்படுமுன் அவருக்குக் கொடுக்க ஆளில்லை.

நான் கேட்பது அந்தத் தாளைத்தான். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், நோய், மருந்தின் பொதுப்பெயர், அளவு, எத்தனை நாளைக்கு என்ற விவரம், மருத்துவரின் பதிவு எண், கையொப்பம், முத்திரை. ஆங்கிலத்தில், தட்டச்சில், ஒரே பக்கம். கூடவே மாத்திரை அட்டைகளை வெட்டாமல் முழுதாகக் கொடுக்க வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போனால் போதும்.

மெடிக்கல் பரிசோதனை செய்துதானே அனுப்புகிறார்கள் என்று தாங்கள் கேட்கலாம். செய்தார்கள். சென்னைக்குப் போய்ப் பணம் கட்டி, எக்ஸ்ரே எடுத்து, இரத்தம் கொடுத்து, ‘ஃபிட்’ வாங்கினார். காசநோயும் மஞ்சள் காமாலைக் கிருமியும் தம் நாட்டுக்குள் வரக்கூடாது என்று வளைகுடா நாட்டவர் பார்க்கும் பரிசோதனை அது. போகிறவர் அங்கே எப்படி மருந்து வாங்குவார் என்பது அவர்கள் கவலை அன்று. நம் கவலையாக இருக்க வேண்டியது.

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பு முடிக்காதவர் என்பதால் அவருடையது ஈ.சி.ஆர். பாஸ்போர்ட், அதாவது வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட், எனவே வெளிநாடு செல்லும் தொழிலாளர்களுக்கான காப்பீடான பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாயும் வரியும் கட்டினார். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 இலட்சம் ரூபாய் என்பதே அதன் முதன்மையான பயன். அன்றாடச் சர்க்கரை மாத்திரைக்கு அது உதவாது என்று யாரும் அவருக்குத் தமிழில் சொல்லவில்லை. இன்னும் சொன்னால் தாங்கள் சிரிப்பீர்கள்: முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையையும் பர்சில் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் அவர் விமானம் ஏறினார்.

ஓசூரிலிருந்து பிரிட்டனுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பமில்லை. விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் முன்கூட்டியே கட்ட வேண்டும், காசநோய்ச் சான்று வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுக்க ஏ.சி. அறையில் ஆலோசகர் இருக்கிறார். கம்பி கட்டுகிறவருக்கு இருப்பவர் முகவர் ஒருவரே. “சர்க்கரை இருக்குன்னு வெளியில சொல்லாதே” என்பதே அவருடைய மருத்துவ ஆலோசனை. ஆண்டுதோறும் ஜனவரி 12 அன்று சென்னையில் அயலகத் தமிழர் தினம் சிறப்பாக நடக்கிறது. வென்று வந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். விரல் போய் வந்தவர்களுக்கு எந்த வரிசையில் நாற்காலி போடுவார்கள் என்று என் மைத்துனர் கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார்.

கோபத்தில் வார்த்தை சற்றுத் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். கொரோனாக் காலத்தில் தாங்களும் தங்கள் ஊழியர்களும் உழைத்ததைக் கண்ணால் கண்டவன் நான். அந்த நன்றியோடுதான் மீண்டும் கேட்கிறேன்: வெளிநாடு புறப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் வழக்கமாக மருந்து வாங்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அந்த ஒரு பக்கத் தாளைக் கொடுக்க உத்தரவிடுங்கள். வீடு தேடி வரும் தங்கையிடம், “யாராவது வெளிநாடு போகிறீர்களா?” என்ற ஒரு கேள்வியையும் கேட்கச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவிலிருந்து அடுத்த மாதம் இருவர் பெங்களூரு வழியாக மஸ்கட் போகிறார்கள். ஒருவருக்கு இரத்த அழுத்தம். அவருடைய மாத்திரைகளும் உறையில்தான் இருக்கின்றன. நேற்றுப் போய்ப் பார்த்தேன். அவர் புறப்படுவதற்குள் தங்கள் சுற்றறிக்கை வந்துவிட்டால், என்னிடமுள்ள இரண்டு ஒப்புகைச் சீட்டுகளையும் மகிழ்ச்சியோடு கிழித்துப் போடுவேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியன்,
காவேரிப்பட்டணம் பகுதி, கிருஷ்ணகிரி மாவட்டம்