செயலாளர் ஆண்டறிக்கை: பலூன் பதிவேடும் சந்தாப் பதிவேடும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். இந்த அறிக்கையின் பிரதி அவர்கள் வீட்டுக்கே வரும்.

சென்ற ஆண்டு செயற்குழு 6 முறை கூட்டப்பட்டது. அதில் 2 முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, இல்லாமல் கலைந்தோம். விளையாட்டுப் போட்டி நடந்தது. மருத்துவ முகாம் நடந்தது. தெருவிளக்கு பற்றி மனு கொடுத்தோம், பதில் இல்லை, மறுபடியும் கொடுத்தோம். நூலக அலமாரிக்குப் புதுப் பூட்டு போடப்பட்டது.

அப்புறம், சிறு குழந்தைகளுக்கான பலூன் ஓவிய வகுப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம், சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் "சங்கப் பணத்தில் பலூன் ஊதுகிறார்கள்" என்று சொன்னது மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. எழுதியவன் நான்தான். ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

வகுப்பு 3 வயது முதல் 6 வயது வரையுள்ளவர்களுக்கு. இந்த வயதில் பலருக்குத் தூரிகையைப் பிடிக்க விரல் இன்னும் பழகியிருக்காது. ஆனால் கைக்கு அடக்கமாக ஊதிய பலூனின் முடிச்சை எந்தக் குழந்தையும் பிடித்துவிடும். தட்டில் பெயிண்ட், அதில் பலூனின் அடிப்பக்கத்தைத் தொட்டுத் தாளில் வைத்து எடுத்தால் வட்டம். லேசாக அழுத்தினால் சின்ன வட்டம், பலமாக அழுத்தினால் பெரிய வட்டம். மெதுவாகத் தூக்கினால் பெயிண்ட் வேர் விட்டதுபோல் கிளை கிளையாகப் பிரிந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு நான்கு வயதுக்காரி "மரம் தானா வருது" என்றாள். அன்று முழுக்க அவளை அந்த இடத்திலிருந்து நகர்த்த முடியவில்லை.

பலூனை முழுசாக ஊதக் கூடாது என்பது நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. இறுக்கமாக ஊதியது அழுத்தும்போது அமுங்காது, அதனால் பெரிய வட்டமும் வராது, சீக்கிரம் வெடிக்கவும் செய்யும். பாதிக் காற்று போதும். நிறத்துக்கு ஒரு பலூன் என்று சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றையும் தனித்தனியாகத்தான் கொடுத்தோம். ஐந்தே நிமிடத்தில் எல்லாத் தட்டும் சேற்று நிறத்துக்கு வந்துவிட்டது. அதன் பிறகு ஒரு வகுப்புக்கு இரண்டு நிறம் என்று வைத்தோம். மஞ்சளும் நீலமும் சேர்ந்த வாரம் அறையெங்கும் பச்சை.

முதல் வாரம் நடந்த தவறு என்னுடையது. வீட்டில் மீந்திருந்த அக்ரிலிக் பெயிண்டைக் கொண்டுவந்தேன். உடுப்பில் பட்டுக் காய்ந்தால் அது போகாது. இரண்டு தாய்மார்கள் இன்றும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பலூன் மேலேயே தீட்டிய படங்களும் நிலைக்கவில்லை. மறுநாள் காற்று இறங்கிப் பலூன் சுருங்க, பெயிண்ட் சுருங்காமல் செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது. இரண்டாம் வாரத்திலிருந்து தண்ணீரில் கழுவினால் போகிற பெயிண்ட்தான். அது ரப்பரில் ஒட்டாமல் முத்து முத்தாக உருளும். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைக் கலந்தால் ஒட்டிக்கொள்கிறது. உருண்டோடும் பலூனைக் கிண்ணத்தில் உட்கார வைத்துவிட்டால் குழந்தைக்கு இரண்டு கையும் மிச்சம்.

ஒருநாள் பலூன்கள் யாரும் குத்தாமலே படபடவென்று வெடித்தன. இரண்டு பிள்ளைகள் அழுதார்கள், ஒருவன் வீட்டுக்கே போய்விட்டான். மட்டமான சரக்கு வாங்கிவிட்டேன் என்று என்மேல் பேச்சு வந்தது. உண்மையில், இடைவேளையில் பிள்ளைகள் ஆரஞ்சு உரித்துவிட்டு அதே கையால் பலூனைத் தொட்டிருக்கிறார்கள். அந்தத் தோலின் எண்ணெயில் உள்ள லிமோனீன் ரப்பரைக் கரைக்கக்கூடியது. அன்றிலிருந்து கை கழுவாமல் யாரும் மேசைக்கு வரக் கூடாது என்று வைத்திருக்கிறேன். சரக்கைக் குறை சொன்னவர்கள் இதைக் கேட்டுக்கொண்டால் நல்லது.

பாதுகாப்பு பற்றியும் கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 1994இல் வந்த ஒரு சட்டத்தின்படி, ஊதாத பலூனும் உடைந்த பலூனும் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மூச்சடைப்பை உண்டாக்கும் என்ற எச்சரிக்கை பலூன் பாக்கெட்டின் மேல் கட்டாயம் இருக்க வேண்டும். மெல்லிய ரப்பர் தொண்டையின் வடிவத்துக்கே படிந்து அடைத்துக்கொள்ளும், எடுப்பது கடினம். அதனால் நம் வகுப்பில் எந்தக் குழந்தையும் வாயால் ஊதுவதில்லை. கைப்பம்ப் வைத்துப் பெரியவர்களே ஊதி முடிச்சுப் போட்டுத் தருகிறோம். ஒவ்வொரு வாரமும் கொடுத்தது எத்தனை, திரும்பியது எத்தனை, வெடித்தது எத்தனை என்று பதிவேட்டில் எழுதுகிறேன். வெடித்ததன் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துப் பார்த்து, முழுசாகக் கிடைத்த பிறகுதான் அடுத்த பலூன். ரப்பர் பட்டால் தோல் தடிக்கிற ஒரு குழந்தை உண்டு. அவனுக்குப் பழைய காலுறையில் துணி அடைத்துக் கட்டிக் கொடுத்தோம். அதன் தடம் கோடு கோடாக விழுந்ததைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் காலுறைதான் வேண்டும் என்று சண்டை பிடித்தார்கள்.

பலூன் வெறும் விளையாட்டுச் சாமான் என்று சொன்ன உறுப்பினருக்கு ஒரு தகவல். முதல் ரப்பர் பலூனைச் செய்தவர் ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே. 1824இல் இரண்டு ரப்பர்த் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரங்களை அழுத்தி ஒட்டி, உள்ளே ஒட்டிக்கொள்ளாமலிருக்க மாவு தூவி, ஹைட்ரஜன் அடைத்துப் பரிசோதித்தார். கணக்குக் கேட்க நம் உறுப்பினர் அப்போது அங்கே இல்லை.

உதவிக்கு வருகிறோம் என்று தொடக்கத்தில் 14 பேர் கையெழுத்துப் போட்டார்கள். பெயர்களை வாசிக்கப் போவதில்லை. பெரும்பாலான வாரங்களில் இருந்தது நானும் என் அக்காவும்தான். அக்கா இந்தச் சங்கத்தில் உறுப்பினர்கூட இல்லை. கூடத்தின் தரையில் இருக்கும் நீலக் கறையை ஒப்புக்கொள்கிறேன். உள்ளங்கை அளவுதான். மூன்று முறை தேய்த்தோம். இப்போது அதன்மேல் தலைவரின் நாற்காலி இருக்கிறது.

வரவு செலவு: வரவு எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவு, செலவு சற்றுக் கூடுதல். கையிருப்பு இருக்கிறது, பெருமையாகச் சொல்லும்படி இல்லை. விவரம் வேண்டுபவர்கள் பொருளாளரைப் பார்க்கலாம். பலூனுக்கும் பெயிண்டுக்கும் ஆனது, இந்தக் கூட்டத்துக்கு நாற்காலி எடுத்த வாடகையைவிடக் குறைவு என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பலூன் பதிவேட்டில் ஒரு துண்டுகூட விடுபடவில்லை. சந்தாப் பதிவேட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பெயர்களுக்கு எதிரே காலியாக இருக்கிறது. அந்தப் பெயர்களில் சிலருடைய பிள்ளைகள் வகுப்புக்கு ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தார்கள். பிள்ளைகளிடம் சந்தா கேட்க முடியாது, கேட்கவும் இல்லை.

தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், நன்கொடையாளர்கள், கூடத்தைப் பெருக்கித் தருபவர் ஆகிய அனைவருக்கும் நன்றி. கடைசியாகச் சொன்னவருக்கு நிஜமாகவே நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் தொடர எனக்கு விருப்பம் அதிகம் இல்லை. யாராவது முன்வந்தால் அலமாரிச் சாவியை இன்றே தருகிறேன். யாரும் வராவிட்டால் வகுப்பைப் பாதியில் விட மனமில்லை, பார்த்துக்கொள்வேன். இரண்டு கைப்பம்ப்பில் ஒன்று உடைந்துவிட்டது. பிள்ளைகள் உடுப்புக்கு மேலே மாட்டிக்கொள்ளப் பெரியவர்களின் பழைய சட்டைகள் ஏழெட்டு தேவைப்படும், பொத்தான் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு பதிவேடுகளையும் வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். சந்தாப் பதிவேடு மேலே இருக்கிறது. பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு கூட்டம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்