கணினி அறையைத் திறக்கவும், பிள்ளைகளுக்கு இணையத்தைக் கையாளக் கற்றுக்கொடுக்கவும் கோரும் மனு

அனுப்புநர்:
பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சார்பில்,
தோட்டத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்

பெறுநர்:
தமிழ்ப்பள்ளிகளுக்கான அதிகாரி அவர்கள்,
மாவட்டக் கல்வி இலாகா

பொருள்: பூட்டிக் கிடக்கும் கணினி அறையின் வயரிங்கைச் சரிசெய்தல், ஆண்டு 3 முதல் 6 வரையிலான மாணவர்களுக்கு வாரம் ஒரு பாடவேளை இணையப் பயன்பாட்டைக் கற்பிக்க ஓர் ஆசிரியரை ஏற்பாடு செய்தல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக முன்பு மலாயில் முறைப்படி எழுதி, தலைமையாசிரியர் வழியாக அனுப்பிய மனுக்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. பெற்றுக்கொண்டதற்கான முத்திரை மட்டும் எங்கள் நகலில் இருக்கிறது. இம்முறை தமிழில் எழுதுகிறோம். தாங்கள் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர். கையெழுத்துப் போடும் பெற்றோரும் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டும் என்று விரும்பினோம்.

எங்கள் பள்ளியைத் தாங்கள் அறிவீர்கள். பட்டணத்துச் சந்தையைத் தாண்டி ஐந்தாங்கட்டையில் செம்பனை ஆலைக்குப் பிரியும் சாலை, மாரியம்மன் கோவிலுக்கு எதிர்ப்புறம். விளையாட்டுப் போட்டிக்கு வந்து பரிசு கொடுத்தபோது கட்டடத்தின் கோடியில் ஓர் அறை பூட்டிக் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கணினி அறை.

1. அறையின் நிலை. கூரை ஒழுகிச் சுவருக்குள் தண்ணீர் இறங்கி, சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டினார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்காகச் செய்தது, அதில் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை. கூரைக்குப் பெற்றோரே தகரம் வாங்கிப் போட்டுவிட்டோம். வயரிங்கில் மட்டும் நாங்கள் கை வைக்க முடியாது, பதிவு பெற்றவர்தான் செய்ய வேண்டும். இலாகாவில் கேட்டால், இது அரசாங்கத்தின் பகுதி உதவி பெறும் பள்ளி, நிலம் தோட்டத்துடையது, அதனால் தோட்ட நிர்வாகத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். நிர்வாகத்தைக் கேட்டால், பள்ளிக்கூடம் கல்வி இலாகா விவகாரம் என்கிறார்கள். உள்ளே கணினிகள் பழைய பேனர் துணியால் மூடிக் கிடக்கின்றன. ஈரத்தில் இன்னும் எத்தனை வேலை செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

2. பாடத்திட்டத்தில் எல்லாம் இருக்கிறது. ஆண்டு 4 முதல் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடம் உண்டு, அதில் நிரலாக்கமும் வருகிறது. சிக்கலைப் படிப்படியாகப் பிரித்துத் தீர்க்கும் கணினிமுறைச் சிந்தனையைப் பாடங்களுக்குள் கொண்டுவருவதாக 2017இலிருந்து அரசாங்கம் சொல்லிவருகிறது. 2023இல் டிஜிட்டல் கல்விக் கொள்கையும் வந்தது. டிஜிட்டலில் சரளமான தலைமுறையை உருவாக்குவதுதான் அதன் நோக்கம் என்று நாளிதழில் படித்து மகிழ்ந்தோம். எங்கள் பிள்ளைகளோ நிரல் கட்டளைகளை நகலெடுத்து, கத்தரித்து, மேசைமேல் அடுக்கிப் படிக்கிறார்கள். ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டோம். கையில் இருப்பதை வைத்து அவர் செய்வது பெரிய காரியம். 2020இல் கல்வியமைச்சு தொடங்கிய டெலிமா என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் எங்கள் பிள்ளைகளுக்கும் கணக்கு இருக்கிறது. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள், எல்லார் கண்ணிலும் படும்படி. அப்படி ஒட்டக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கவும் ஒரு பாடவேளை வேண்டும் அல்லவா?

3. எங்களை மிகவும் வருத்துவது இதுதான், ஐயா. இதைப் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் விடியும் முன்பே அப்பா செம்பனைக் குலை வெட்டக் கிளம்பிவிடுகிறார், அம்மா மருந்தடிக்கவோ உரம் போடவோ போகிறார். மாலையில் வீடு திரும்பினால் கைப்பேசியில் வந்து கிடப்பதெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். உதவித்தொகைப் பதிவு, ஆஸ்பத்திரித் தேதி, வங்கிச் செய்தி, மின்சாரக் கட்டணம் எல்லாம் அதற்குள்தான். யார் படித்துச் சொல்வது? ஆண்டு 4இலும் 5இலும் படிக்கும் பிள்ளைதான். “பாப்பா, இது என்னன்னு பாரும்மா” என்று பாட்டி கைப்பேசியை நீட்டுகிறார். பத்து வயதுப் பிள்ளை தாத்தாவின் அடையாள அட்டை எண்ணைத் தட்டுகிறது, அப்பாவின் வங்கிக் கணக்கு எண்ணை நிரப்புகிறது, ‘சம்மதம்’ என்ற பொத்தானை அமுக்குகிறது. முன்பு தோட்டத்துக் கிராணி செய்த எழுத்து வேலையை இன்று எங்கள் வீடுகளில் இந்தப் பிள்ளைகள்தான் செய்கிறார்கள். அதற்கு யாரும் அவர்களுக்கு ஒரு மணி நேரமும் கற்றுக்கொடுத்ததில்லை.

மேல் லயத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் எழுத மாட்டோம், அந்தப் பிள்ளை பட்டது போதும். அம்மாவின் வாட்ஸ்அப்பில், தெரிந்தவர் ஒருவரின் எண்ணிலிருந்து, அரசாங்க உதவித்தொகை வந்திருக்கிறது, பெயரைச் சரிபாருங்கள் என்று செய்தி. மேலே அரசாங்கச் சின்னம், கீழே ஓர் இணைப்பு. ஆண்டு 5 படிக்கும் மகள் அதைத் திறந்து தொலைபேசி எண்ணைப் போட்டாள். ஆறு இலக்க எண் ஒன்று வந்தது. அதையும் கேட்டார்கள், அதையும் போட்டாள். அம்மாவுக்கு உதவி செய்கிறோம் என்றுதான் அந்தப் பிள்ளை நினைத்தது. அந்த ஆறு இலக்கம் வாட்ஸ்அப் கணக்கின் சாவி என்று அதற்கு எப்படித் தெரியும்?

கணக்கு கைமாறிவிட்டது. அன்று இரவே அம்மாவின் பெயரில், அம்மாவின் படத்தோடு, லயத்து வீடுகளுக்கெல்லாம் செய்தி போனது: அவசரம், இருநூறு வெள்ளி அனுப்புங்கள், சம்பளத்தில் தந்துவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பினார்கள். கேட்டால் தவறாக நினைப்பாரோ என்று தயங்கி அனுப்பியவர்களும் உண்டு. போலீசில் புகார் கொடுத்தோம். மோசடிக்கு 997 என்று ஒரு எண் இருப்பதே பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. பணம் வரவில்லை. அந்தத் தாய் தான் வாங்காத கடனை இன்னும் சம்பளத்துக்குச் சம்பளம் கட்டி வருகிறார். யாரும் கேட்கவில்லை, அவருக்குத்தான் மனம் கேட்கவில்லை. மகள் பள்ளிக்கு வர மறுத்தாள். ஆசிரியை வீட்டுக்கே போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். இன்றும் யாராவது கைப்பேசியைக் கொடுத்து இதைப் படி என்றால் அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.

ஐயா, அந்தப் பிள்ளை வகுப்பில் மலாய்மொழிப் பாடத்தில் முதல் மாணவி. அவளுக்குப் படிக்கத் தெரியும். படிக்கும் பக்கம் யாருடையது என்று பார்க்க யாரும் சொல்லித்தரவில்லை.

4. நாங்கள் கேட்பது பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. இணைப்பு முகவரியை எப்படிப் படிப்பது என்பதிலிருந்து தொடங்கலாம். முகவரியில் ‘https://’ என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது, அது அரசாங்கத் தளங்களுக்குரிய ‘கவ் டாட் எம்ஒய்’ (gov.my) என்று முடிகிறதா, அல்லது அந்த எழுத்துகளை நடுவில் செருகிவிட்டு ‘டாட் காம்’ என்று முடிகிறதா? ஒரு கரும்பலகையும் பத்து முகவரிகளும் இருந்தால் ஆண்டு 3 பிள்ளை ஒரே பாடவேளையில் இதைப் பிடித்துக்கொள்ளும். தேடினால் மேலே வரும் முதல் வரி பல நேரம் விளம்பரம் என்பது, கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது, ஒரு செய்தியை எழுதியவர் யார், எப்போது எழுதினார், வேறு இடத்திலும் அது இருக்கிறதா என்று பார்ப்பது, எல்லாம் இந்த வயதில் ஏறும். டெங்கி வந்தால் பப்பாளி இலைச் சாறு போதும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அதை சுகாதார அமைச்சின் பக்கத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதுவே ஒரு பாடம். பொய்ச் செய்தியைச் சரிபார்க்க ‘செபெனார்ஞா’ தளம் 2017இலிருந்து இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அதை ஒருமுறையும் திறந்ததில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. கேட்டதும் கட்டுரை எழுதிக் கொடுக்கிறது, தப்பையும் தயங்காமல் எழுதுகிறது. தப்பைக் கண்டுபிடிக்கப் பழக்க வேண்டியது பள்ளிதானே.

5. “இது வீட்டுப் பிரச்சினை, பிள்ளை கையில் கைப்பேசி கொடுக்காதீர்கள்” என்று இலாகா முகப்பில் எங்களுக்குச் சொல்லப்பட்டது. மன்னிக்க வேண்டும், இதற்கு நேராகவே பதில் சொல்கிறோம். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கைப்பேசியில்தான் வந்தது. தவணை முறையில் கைப்பேசி வாங்கினோம். லைன் கிடைக்கும் இடத்தைத் தேடிப் பிள்ளைகளை மேட்டுக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தோம். கைப்பேசி இல்லாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று அன்று சொன்னதும் நீங்கள்தான். இன்று கொடுக்காதே என்றால் உதவித்தொகைக்கு யார் பதிவது? ஆஸ்பத்திரித் தேதியை யார் பார்ப்பது? வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால், வீட்டில் இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான், ஐயா!

6. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் கற்றுக்கொள்வார்கள் என்பதும் சரியல்ல. அதுவரை காத்திருக்க மோசடிக்காரர்களுக்கு அவசியம் இல்லை. படிவம் 1இல் பட்டணத்துப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, கணினியை எங்கே அமுக்கித் திறப்பது என்று எங்கள் பிள்ளைகள் தலை குனிந்து கேட்பதும் எங்களுக்குப் போதும்.

7. இணையப் பாதுகாப்பு மசோதாவை 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நல்லது. நிறுவனங்களுக்குச் சட்டம் வேண்டும்தான். பிள்ளைக்கு ஆசிரியர் வேண்டும்.

ஆகவே, ஐயா, மீண்டும் பணிவோடு கேட்கிறோம். வயரிங் செலவை யார் ஏற்பது என்பதை இலாகாவும் தோட்ட நிர்வாகமும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அந்தக் கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது, எங்களிடம் இல்லை. ஆசிரியர் பற்றாக்குறை என்றால் பக்கத்துப் பள்ளியோடு பகிர்ந்துகொள்ளும் வகையில் வாரம் ஒரு நாள் வரும் ஆசிரியரை அனுப்புங்கள். அதுவும் உடனே முடியாதென்றால், இருக்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். அறை திறக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை, நான்காவது அம்சத்தில் சொன்னதில் பாதியைக் கரும்பலகையிலேயே தொடங்கிவிடலாம். சுவருக்குச் சாயம் அடிப்பது, மேசை நாற்காலி பழுது பார்ப்பது, ஆசிரியரைப் பட்டணத்திலிருந்து அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது எல்லாம் எங்கள் பொறுப்பு. பெற்றோர் கூட்டத்தில் ஒப்புக்கொண்டாகிவிட்டது.

தாங்கள் நேரில் வந்து அறையைத் திறந்து பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். சனிக்கிழமையானாலும் சரி, வேலை முடிந்த பிறகானாலும் சரி, ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் போதும், நாங்கள் வந்துவிடுவோம். மேல் லயத்துத் தாயும் தங்களிடம் பேச விரும்புகிறார்.

அடுத்த பள்ளி ஆண்டு தொடங்குவதற்குள் இந்த இரண்டு கோரிக்கைகளுக்கும் முடியும் அல்லது முடியாது என்று எழுத்து மூலம் பதில் தாருங்கள். முடியாது என்றால் ஏன் என்பதையும், நாங்கள் அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களும் பெற்றோரும்

இணைப்பு: பெற்றோர் கையெழுத்துப் பட்டியல், முன்பு அனுப்பிய மனுக்களின் முத்திரையிட்ட நகல்கள், கணினி அறையின் படங்கள்