கிராதிக்கு அப்பால் உன் தங்கை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. உன் திருமணத்துக்குத் தங்கை வர மாட்டாள் என்று போனில் சொன்னதும், "உள்ளே நாளெல்லாம் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு நாள் வெளியே விட்டால் என்ன?" என்று கேட்டுவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். அவள் வராதது எனக்கும் வருத்தந்தான். ஆனால் அந்தச் 'சும்மா' என்ற சொல்லை மட்டும் என்னால் விட்டுவிட முடியவில்லை.

அவள் சேர்ந்திருக்கும் கார்மேல் மடம், கன்னியர் வெளியே வராமல் செபத்தில் வாழும் அடைப்பு மடம். அங்கே அதிகாலை நாலே முக்காலுக்கு மணி அடிக்கிறது. காலைப்புகழ் என்னும் காலைச் செபமும் ஒரு மணி நேரத் தியானமும் திருப்பலியும் முடிந்த பிறகுதான் காலை உணவு. பகலில் மறுபடியும் மறுபடியும் மணி அடிக்கும். தைத்துக்கொண்டிருந்த துணியைப் பாதியில் வைத்துவிட்டுச் சிற்றாலயத்துக்குப் போய் விவிலியத்தின் சங்கீதங்களைப் பாட வேண்டும். மாலையில் இன்னொரு மணி நேரத் தியானம். இந்த இரண்டு மணி நேரமும் ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலா புனித தெரேசா வகுத்த ஒழுங்கு. நூற்றுக்கும் மேற்பட்டோர் நிறைந்து, விருந்தாளிகள் வருவதும் போவதுமாக இருந்த மடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து பார்த்த பிறகு, 1562 ஆகஸ்ட் 24 அன்று நான்கே பெண்களோடு புனித சூசையப்பர் பெயரில் ஒரு சிறிய மடத்தைத் தொடங்கினார் அவர். பின்னாளில் ஒரு மடத்துக்கு 21 பேர் என்பதே வரம்பாயிற்று. கல்யாண வீட்டு அடுப்படியைப் பார்த்தவளுக்கு அதன் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இறைச்சி கிடையாது. செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமை விழா தொடங்கி உயிர்ப்புப் பெருவிழா வரை ஒருசந்தி நோன்பு. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பில் எலும்புக்காக உன்னோடு சண்டை போட்டவள்தான் இவள்.

அவளுக்குக் கொடுத்திருக்கும் வேலை, பங்குக் கோயில்களுக்கு, திருப்பலியில் கொடுக்கும் நற்கருணை அப்பம் செய்வது. கோதுமை மாவும் தண்ணீரும் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது. காய்ந்த இரும்புத் தட்டுகள் இரண்டுக்கு நடுவே மாவை ஊற்றி அழுத்தினால், காகிதம் போன்ற தகடு வரும். அதை உடனே வெட்டினால் நொறுங்கிவிடும் என்பதால், ஈரம் பட வைத்துப் பதமாக்கிய பிறகே வட்டமாக வெட்டுகிறார்கள். போன வாரம் நான் போனபோது, சுவரில் பொருத்திய சுழலும் மரப்பெட்டி மெல்லத் திரும்பியது. உள்ளே வெட்டி எஞ்சிய ஓரத்துண்டுகள் ஒரு பொட்டலமாக இருந்தன. அவள் வலது பெருவிரலில் இரும்புத் தட்டு சுட்ட வடு இருந்ததை, எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த கிராதிக் கம்பியின் இடைவெளியில் பார்த்தேன். சிஸ்டர் என்று அழைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். வாயில் பாப்பா என்றுதான் வந்தது. அவள் சிரித்துவிட்டாள்.

சிரிப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது: சாப்பாட்டுக்குப் பின் கையில் ஏதாவது வேலையோடு அமர்ந்து பேச அவர்களுக்கு நேரம் உண்டு. அந்த நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டிருந்தால் நீ இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டாய். இரவு செபத்துக்குப் பிறகு மறுநாள் காலை வரை பேச்சே இல்லை.

அவசரப்பட்டுப் போய்விட்டாள் என்றும் சொன்னாய். 2018இல் உரோமை வெளியிட்ட ஒழுங்கின்படி, மடத்தில் சேர்ந்த நாளிலிருந்து, வாழ்நாள் முழுவதற்குமான வாக்குறுதியாகிய இறுதி வார்த்தைப்பாடு வரை ஒன்பது ஆண்டுகளுக்குக் குறையாத பயிற்சி வேண்டும். நீ பெண் பார்த்து நிச்சயம் செய்ய எடுத்துக்கொண்டது ஐந்து மாதம்.

திருமணம் முடிந்த மறுவாரம் மருமகளோடு மடத்துக்குப் போய் வா. மடத்தலைவியிடம் அனுமதி கேட்டுவிட்டேன். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போனால் நல்லது. இன்னொன்று: உன் திருமணத் திருப்பலிக்கான அப்பங்களைத் தானே வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். இரு வீட்டாரிலும் எத்தனை பேர் நற்கருணை வாங்குவார்கள் என்று கணக்குப் பார்த்து, இம்மாத இறுதிக்குள் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா